வீட்டில் சிரைக்குழாய்ப் பராமரிப்பு

வீட்டில் சிரைக்குழாய்ப் பராமரிப்பு என்பது, நோயாளரின் சிரையினுள் பல நாட்களுக்கோ பல மாதங்களுக்கோ பொருத்தப்பட்டிருக்கும் மெல்லிய குழாயையும், அதனுடனோ தோலுக்கு அடியிலோ இணைக்கப்படும் மருந்துப் பம்பையும், மருத்துவமனைக்கு வெளியே நோயாளரும் குடும்பத்தாரும் பேணுவதைக் குறிக்கும். புற்றுநோய் மருந்தேற்றம், நீண்டநாள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, வாய்வழி உணவு ஏற்காதோருக்கான சிரைவழி ஊட்டம், ஓயாத குமட்டலை அடக்கும் மருந்து ஆகியவற்றுக்காக இம்முறை கையாளப்படுகின்றது.

சிரைக்குழாய் ஒன்று, தோல் என்னும் காப்பைக் கடந்து நேரடியாகக் குருதியோட்டத்துள் திறக்கும் வாயில் ஆகும். மருந்து உட்செல்லும் அதே வழியில் நோய்க்கிருமியும் காற்றும் உட்செல்ல முடியும். இதனாலேயே மருத்துவமனையில் செவிலியர் செய்யும் சில எளிய செயல்களை வீட்டிலும் அதே ஒழுங்குடன் செய்ய வேண்டியுள்ளது. இச்செயல்கள் எண்ணிக்கையில் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சில நாட்களில் கற்கத் தக்கவை. ஆனால் அவற்றில் ஒன்று தவறினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

தமிழ்நாட்டில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ள காஞ்சிபுரத்தின் சூழல் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. மருந்தின் வகையையும் அளவையும் வேகத்தையும் மருத்துவரே முடிவு செய்வார்.

பெயர்கள்

உடலிலிருந்து இதயத்திற்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாளம் சிரை எனப்படும். பேச்சு வழக்கில் இதனை 'நரம்பு' என்றே கூறுவர்; 'நரம்பு ஊசி' என்பது உண்மையில் சிரைக்குள் இடப்படும் ஊசியையே குறிக்கின்றது. மூளையின் செய்திகளைக் கடத்தும் நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர்மம் ஏற்றுவது 'டிரிப்ஸ்' எனவும் 'குளுக்கோஸ் ஏற்றுதல்' எனவும் வழங்குகின்றது. மருத்துவமனைகளில் சிரைக்குழாய் 'லைன்' என்றும், கையின் மேற்பகுதியில் உள்ள சிறு குழாய் 'வென்ஃப்ளான்' என்றும் குறிப்பிடப்படும். பின்னது ஒரு வணிகப் பெயராகத் தோன்றிப் பொதுப்பெயராக நிலைத்தது.

வரலாறு

1656 இல் இங்கிலாந்தில் கிறித்தோபர் ரென், இறகுத் தண்டையும் விலங்கின் சிறுநீர்ப்பையையும் கொண்டு ஒரு நாயின் சிரைக்குள் நீர்மத்தைச் செலுத்தினார். 1832 இல் வாந்திபேதி பரவியபோது இசுக்கொட்லாந்து மருத்துவர் தாமசு லாட்டா, நீர்ச்சத்து இழந்த நோயாளருக்கு உப்புக் கரைசலைச் சிரைவழி ஏற்றினார். 1929 இல் செருமானிய மருத்துவர் வெர்னர் போர்சுமான் தம் கையின் சிரை வழியாகத் தம் இதயம் வரை ஒரு குழாயைத் தாமே செலுத்தி, அதனை ஊடுகதிர்ப் படத்தில் உறுதி செய்தார். இதயத்தை நெருங்கிய பெரிய சிரையில் குழாயை வைத்திருக்க இயலும் என்பது இதனால் தெரிய வந்தது. இவருக்கு 1956 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு, மேலும் இருவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

நீண்ட நாள் தங்கும் குழாய்கள் 1970களில் உருவாயின. சிரைவழி ஊட்டத்திற்கான பிரோவியாக் குழாய் 1973 இலும், எலும்பு மச்சை மாற்றச் சிகிச்சைக்கான அகன்ற ஹிக்மன் குழாய் 1979 இலும் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்களால் அறிமுகப்படுத்தப்பட்டன. தோலுக்கு அடியில் முழுதும் புதைக்கப்படும் போர்ட் 1982 இல் புழக்கத்திற்கு வந்தது.

சட்டைப்பையில் அடங்கும் சிரிஞ்சு பம்பை உருவாக்கியவர் பிரித்தானியரான மார்ட்டின் ரைட் ஆவார். தலசீமியா நோயாளரின் உடலில் சேரும் மிகை இரும்பை அகற்றும் மருந்தைத் தோலுக்கு அடியில் மெதுவாகச் செலுத்துவதே இதன் முதல் நோக்கம். 1979 இல் பற்றிக் ரசல் என்னும் மருத்துவர் இதனை இறுதிநிலைப் புற்றுநோயாளரின் வலிக்கும் குமட்டலுக்கும் பயன்படுத்தினார். மாத்திரை விழுங்க இயலாதவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும் என்ற நிலை இதனால் மாறத் தொடங்கியது.

குழாய் வகைகள்

- புறச்சிரைக் குழாய்: கையின் சிறு சிரையில் இடப்படுவது. சில நாட்களே தாங்கும். சிரைச் சுவரை அரிக்கும் மருந்துகளுக்கு ஏற்றதன்று.
- பிக் லைன்: மேற்கையின் சிரையில் நுழைந்து, இதயத்திற்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் முடியும் நீண்ட குழாய். வாரங்கள் முதல் மாதங்கள் வரை இருக்கும். இதன் ஒரு பகுதி கைக்கு வெளியே தெரியும்.
- ஹிக்மன் வகைக் குழாய்: மார்பின் தோலுக்கு அடியில் சிறிது தொலைவு சுரங்கம் போலச் சென்று சிரையில் நுழைவது. இச்சுரங்கமும் அதிலுள்ள சுற்றுப்பட்டையும் கிருமி நுழைவதைத் தாமதப்படுத்துகின்றன.
- போர்ட்: தோலுக்கு அடியில் புதைக்கப்படும் சிறு கிண்ணமும் அதனுடன் இணைந்த குழாயும். மருந்து ஏற்றும்போது மட்டும் தனிவகை ஊசியால் குத்தப்படும். ஊசி இல்லாத நாட்களில் குளிக்கத் தடையில்லை. பொருத்துவதற்கும் அகற்றுவதற்கும் சிறு அறுவை தேவை.
- தோலடி ஊசி: மார்பு, வயிறு, தொடை, மேற்கை ஆகியவற்றில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் இடப்படும் மெல்லிய ஊசி அல்லது சிறு குழாய். இது சிரைக்குள் செல்வதில்லை. குமட்டல் மருந்துகள் பலவற்றுக்கு இதுவே போதும். குருதித்தொற்று ஆபத்தும் மிகக் குறைவு.

குமட்டல் எழும் விதம்

வாந்தியை ஒருங்கிணைக்கும் நரம்பணுக்கள் மூளையின் முகுளப் பகுதியில் உள்ளன. அவற்றுக்குப் பல வழிகளில் செய்தி வருகின்றது. முகுளத்தின் பின்புறமுள்ள வேதியுணர் பகுதி, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு வெளியே அமைந்திருப்பதால் குருதியிலுள்ள நச்சுக்களையும் மருந்துகளையும் உடனே உணர்கின்றது. குடற்சுவர் அணுக்கள் பாதிக்கப்படும்போது செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியிட்டு நரம்பு வழியாகச் செய்தி அனுப்புகின்றன. காதின் சமநிலை உறுப்பு மூன்றாவது வழி. நினைவும் அச்சமும் நான்காவது வழி. மருந்தேற்றத்திற்குச் சென்றுவந்த நோயாளர் சிலருக்கு மருத்துவமனை வாயிலைக் கண்டவுடனேயே வாந்தி வருவது இதனால் ஆகும்.

காரணம் வேறுபடுவதால் மருந்தும் வேறுபடுகின்றது.

- ஒண்டான்செட்ரான்: செரட்டோனினைத் தடுப்பது. அமெரிக்காவில் 1991 இல் ஒப்புதல் பெற்றது. சிசுபிளாட்டின் போன்ற கடும் மருந்துகளால் வரும் உடனடி வாந்தியை இது பெரிதும் குறைத்தது. மலச்சிக்கலை உண்டாக்கும், மிகை அளவில் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம்.
- மெட்டோகுளோப்ரமைடு: இரைப்பை விரைவில் காலியாக உதவுவது. குடல் முழுதும் அடைபட்டிருந்தால் தரலாகாது. இளவயதினருக்குக் கண்கள் மேல்நோக்கிச் செருகுவதும் கழுத்து இழுத்துக்கொள்வதும் நேரலாம். இது வலிப்பு அன்று. மருந்தை நிறுத்தி மாற்று மருந்து தந்தால் தெளியும்.
- ஹாலோபெரிடால்: வேதியுணர் பகுதியில் செயற்படுவது. மார்பின், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றால் வரும் குமட்டலுக்குச் சிறிய அளவில் தரப்படும்.
- டெக்சாமெத்தசோன்: பிற மருந்துகளின் விளைவைக் கூட்டும் இசுட்டீராய்டு. நீரிழிவு உள்ளோரின் சர்க்கரை அளவை உயர்த்தும்.
- ஓலான்சபின்: மனநோய் மருந்தாக அறியப்பட்ட இது, நாட்பட்ட குமட்டலையும் அடக்குவது பின்னர் கண்டறியப்பட்டது. பகல் உறக்கம் இதன் பெருங்குறை. 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராம் தந்தாலும் பயன் குறைவதில்லை என்றும் உறக்கக் கலக்கம் குறைகின்றது என்றும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024 இல் காட்டியது. மாத்திரையாகவே கிடைப்பதால் இதற்குப் பம்பு தேவையில்லை.

மருந்துப் பம்புகள்

வாந்தி எடுப்பவரின் வயிற்றில் மாத்திரை தங்குவதில்லை. ஊசியாக விட்டுவிட்டுத் தரும்போது குருதியில் மருந்தின் அளவு ஏறி இறங்குகின்றது. இறங்கும் வேளையில் குமட்டல் திரும்புகின்றது. சிறு அளவில் இடைவிடாது மருந்து சென்றால் அளவு சீராக இருக்கும். இதுவே பம்பின் பயன் ஆகும்.

சிரிஞ்சு பம்பு, மின்கலத்தால் இயங்கிச் சிரிஞ்சின் தண்டை மெல்லத் தள்ளுகின்றது. பெரும்பாலும் 24 மணி நேரத்திற்கான மருந்து ஒரே சிரிஞ்சில் நிரப்பப்படும். நெகிழ்பம்பு மின்சாரம் இன்றி இயங்குவது. உள்ளே பலூன் போன்ற பை சுருங்குவதால் மருந்து வெளியேறுகின்றது. குடற்புற்றுநோய்க்கான 5-புளோரோயூராசில் மருந்தை 46 மணி நேரம் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ள இவ்வகை பெரிதும் உதவுகின்றது. நெகிழ்பம்பின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி தோலின் வெப்பநிலைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பதால், அப்பகுதியைத் தோலுடன் ஒட்டி வைக்க வேண்டும். வெயிலிலோ பனிக்கட்டியின் அருகிலோ வைக்கலாகாது.

பம்பு சரியாக இயங்குகின்றதா என்பதை எளிய கணக்கால் அறியலாம். சிரிஞ்சில் 20 மில்லிலீட்டர் மருந்து 24 மணி நேரத்திற்கு நிரப்பப்பட்டிருந்தால், 6 மணி நேரம் கழித்து 5 மில்லிலீட்டர் குறைந்து 15 எஞ்சியிருக்க வேண்டும். 18 எஞ்சியிருந்தால் குழாய் மடங்கியோ ஊசியிடம் வீங்கியோ இருக்கலாம். 10 மட்டுமே எஞ்சியிருந்தால் மருந்து மிகை வேகத்தில் சென்றுள்ளது. பம்பை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நேரத்தையும் எஞ்சிய அளவையும் ஒரு நோட்டில் எழுதி வருவது வழக்கம்.

சிரிஞ்சில் உள்ள மருந்து கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ அதனைப் பயன்படுத்தலாகாது. எல்லா மருந்துகளும் ஒன்றோடொன்று கலக்கத் தக்கவையல்ல. தோலடி ஊசியிடம் சிவந்தோ கடினமாகவோ வலித்தோ இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவர்.

அலகுக் குழப்பம்

பம்புகளால் நேர்ந்த மரணங்களில் அலகுக் குழப்பத்திற்குத் தனி இடம் உண்டு. பிரித்தானியாவில் நெடுங்காலம் புழங்கிய கிரேசுபி பம்புகள் இரு வகையின. நீல நிற எம்.எசு. 16ஏ ஒரு மணி நேரத்திற்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும், பச்சை நிற எம்.எசு. 26 ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும் அளக்கும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. ஒன்றின் அளவை மற்றதில் வைத்தபோது மருந்து 24 மடங்கு விரைவாகச் சென்றது. மேலும் அவை தண்டு நகரும் நீளத்தை அளந்தனவேயன்றி மருந்தின் கனவளவை அளக்கவில்லை. 2010 இல் பிரித்தானிய தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை, மில்லிலீட்டரில் அளக்கும் பாதுகாப்பான பம்புகளுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. வீட்டில் பம்பைப் பெறுவோர் அதன் அலகு யாது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நன்று.

சொட்டுக் கணக்கு

பம்பு இல்லாமல் டிரிப்ஸ் ஏற்றும்போது வேகம் சொட்டுகளால் அளக்கப்படும். வழக்கமான குழாய்த் தொகுதியில் ஏறத்தாழ 20 சொட்டுகள் ஒரு மில்லிலீட்டர் ஆகும். 500 மில்லிலீட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமெனில் மொத்தம் 10,000 சொட்டுகள் 240 நிமிடங்களில் செல்ல வேண்டும்; அதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டுகள். குழந்தைகளுக்கான நுண்சொட்டுத் தொகுதியில் ஒரு மில்லிலீட்டருக்கு 60 சொட்டுகள் என்பதால் கணக்கு மாறும்.

நாள்தோறும் செய்யத் தக்கவை

1. கை கழுவுதல்: வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுச் சோப்பால் கழுவித் தூய துணியில் துடைத்தல். குழாயைத் தொடும் ஒவ்வொரு முறையும் இது தேவை.
2. முனையைத் துடைத்தல்: குழாயின் இணைப்பு முனையை ஸ்பிரிட் பஞ்சால் குறைந்தது 15 வினாடிகள் அழுத்தித் தேய்த்து, தானாக உலர விடுதல். ஊதி உலர்த்துவது வாயிலுள்ள கிருமிகளை முனையில் சேர்க்கும்.
3. அலசுதல்: மருந்துக்கு முன்னும் பின்னும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலைத் தள்ளித் தள்ளி நிறுத்திச் செலுத்துதல். பிக் லைனுக்கு 10 மில்லிலீட்டர் சிரிஞ்சே ஏற்றது. சிறிய சிரிஞ்சு மிகை அழுத்தம் தந்து குழாயைக் கிழிக்கக்கூடும். பயன்பாட்டில் இல்லாத பிக் லைனை வாரம் ஒருமுறை அலசுவது வழக்கம். போர்ட்டை மருத்துவமனையிலேயே நீண்ட இடைவெளியில் அலசுவர்.
4. தடை இருந்தால் நிறுத்துதல்: கரைசல் செல்லாவிடில் வலிந்து தள்ளலாகாது. உறைந்த குருதிக்கட்டி உள்ளே தள்ளப்படவோ குழாய் வெடிக்கவோ நேரும்.
5. கட்டு மாற்றுதல்: ஒளிபுகும் பிலாஸ்திரியை வாரம் ஒருமுறையும், பஞ்சுத்துணிக் கட்டை இரண்டு நாட்களுக்கு ஒருமுறையும் மாற்றுதல். நனைந்தாலோ விளிம்பு விலகினாலோ உடனே மாற்றுதல்.
6. நீளம் பார்த்தல்: வெளியே தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துவைத்தல். நீளம் கூடியிருந்தால் குழாய் நழுவியுள்ளது. அதனை உள்ளே தள்ளினால் கிருமியும் உள்ளே செல்லும்.
7. பிக் லைன் உள்ள கையில் குருதியழுத்தம் பார்ப்பதையும் கனமான குடம் தூக்குவதையும் தவிர்த்தல்.

காஞ்சிபுரத்தின் சூழல்

காஞ்சிபுரத்தின் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. இந்நகரில் 1909 இல் பிறந்த தமிழக முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை, 1968 இல் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று, 1969 பெப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் பெயரைத் தாங்கும் இம்மருத்துவமனை இந்தியாவின் மண்டலப் புற்றுநோய் மையங்களுள் ஒன்றாகும். தொலைவிலுள்ள ஊரிலிருந்து ஒருவர் பேருந்தில் வந்து மருந்தேற்றிக்கொண்டு திரும்பினால், வாந்தி பெரும்பாலும் வழியிலோ வீடு சேர்ந்த இரவிலோ தொடங்கும். எனவே சிகிச்சையின் கடினமான பகுதி வீட்டிலேயே கழிகின்றது.

பட்டு நெசவாளர் வீடுகளில் கூடத்திலேயே குழித்தறி அமைந்திருப்பது உண்டு. நோயாளரின் படுக்கையும் தறியும் அருகருகே இருக்கும் நிலையில் பட்டுப் பிசிறும் தூசியும் கட்டின்மேல் படியலாம். கட்டு மாற்றும் வேளையில் தறியை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, ஸ்பிரிட்டால் துடைத்த எவர்சில்வர் தட்டில் பொருட்களை வைத்துக்கொள்வது எளிய தீர்வாகும். சாயமிடும் இடத்தில் இதனைச் செய்யலாகாது.

நோயாளர் நெசவாளராகவே இருந்தால் மற்றொரு கேள்வி எழுகின்றது. நாடாவை எறிவதும் பலகையை இழுத்து அடிப்பதும் இரு கைகளையும் ஓயாது இயக்கும் வேலை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் கோர்வை நெசவில் நாடாக்கள் மூன்றாவதால், பக்கத்தில் துணையாள் ஒருவரும் அமர்வார். பிக் லைன் உள்ள கை இவ்வாறு நாள் முழுதும் இயங்கினால் குழாய் நழுவவும் சிரைச் சுவர் உராய்ந்து குருதி உறையவும் வாய்ப்புண்டு. சிகிச்சைக்கு இடையே தறியில் அமர எண்ணுபவர், குழாய் பொருத்தும் முன்பே தம் தொழிலை மருத்துவரிடம் கூறுவது தேவையாகின்றது. சிலருக்குப் பிக் லைனைவிடப் போர்ட் பொருந்தக்கூடும்.

கோடையில் அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வையால் கட்டு விலகும். குழாயிடத்தில் மஞ்சள், திருநீறு, எண்ணெய், வேப்பிலை அரைப்பு ஆகியவற்றைப் பூசலாகாது. வெளியே குழாய் தெரியும் நிலையில் சர்வ தீர்த்தம் போன்ற குளங்களில் மூழ்குவதைத் தவிர்க்க வேண்டும். தலைக்குத் தீர்த்தம் தெளித்துக்கொள்வதால் தீங்கில்லை, கட்டு நனையாதிருந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்தடை நேரலாம். பம்பின் மாற்று மின்கலம், இரண்டு நாட்களுக்கான கரைசல், குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கான பனிப்பெட்டி ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைப்பது பயன் தரும். வைகாசிக் கருட சேவை போன்ற திருவிழா நாட்களில் கோயில் தெருக்களில் வண்டிகள் செல்வது அரிது. 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்தின்போது நகரே நெரிசலில் இருந்தது. இத்தகைய நாட்களில் காய்ச்சல் கண்டால் எவ்வழியே மருத்துவமனை சேர்வது என்பதையும் குடும்பத்தார் முன்பே எண்ணி வைக்க வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் செல்லும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே செய்யும் வயிற்றறைக் கூழ்மப்பிரிப்புக்கான பைகளும் சேர்க்கப்பட்டன. அண்டை மாநிலமான கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவு இயக்கம், பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரையே பராமரிப்பில் ஈடுபடுத்தியது. 2008 இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கை ஒன்றை அறிவித்தது. பம்பு வாங்க இயலாத குடும்பங்களுக்கு, தோலடியில் ஒரு சிறு ஊசியைப் பொருத்திவிட்டு, அதன் வழியே குறித்த நேரங்களில் மருந்து செலுத்தக் கற்றுத்தருவது செலவு குறைந்த மாற்று வழியாகும்.

ஆபத்து அறிகுறிகள்

- காய்ச்சல்: 38 பாகை செல்சியசு, அதாவது 100.4 பாகை பாரன்கைட், அல்லது அதற்கு மேல். மருந்தேற்றத்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு இது அவசரநிலை. பாராசிட்டமால் தந்து விடியும்வரை காத்திருப்பது, காய்ச்சலை மறைத்துச் சிகிச்சையைத் தாமதப்படுத்தும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கப்பட வேண்டும் என்பதே பொது விதி.
- அலசிய சிறிது நேரத்தில் நடுக்கம்: குழாயினுள் கிருமி வளர்ந்திருப்பதன் அடையாளம். அக்குழாயை மேலும் பயன்படுத்தாது மருத்துவமனை செல்ல வேண்டும். காய்ச்சல் தணிந்துவிட்டாலும் இது பொருந்தும்.
- கை, கழுத்து அல்லது முகத்தில் வீக்கம்: சிரையில் குருதி உறைந்திருக்கலாம்.
- குழாய் முறிதல்: முறிவுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதியை உடனே மடித்துக் கிளிப்பிட்டுப் பிடிக்க வேண்டும்.
- மூடி திறந்து திடீர் மூச்சுத்திணறல்: காற்று உட்சென்றிருக்கலாம். குழாயை அடைத்து, நோயாளரை இடப்பக்கமாகத் தலை தாழ்த்திப் படுக்கவைத்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.
- பம்பில் உள்ளவர் எழுப்ப முடியாத உறக்கத்தில் ஆழ்தல், அல்லது மூச்சு மெதுவாதல்.

நோயாளரின் பெயர், குழாயின் வகை, பொருத்திய நாள், மருந்துகள், கடைசி மருந்தேற்ற நாள் ஆகியவை எழுதப்பட்ட அட்டை ஒன்று கையிலிருந்தால், நள்ளிரவில் முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவரும் காலம் தாழ்த்தாது செயற்பட இயலும்.

குழாய் தேவைப்படாத நிலைகள்

களைப்புக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசல் 500 மில்லிலீட்டரில் 25 கிராம் சர்க்கரையே உள்ளது. குடிக்க முடிந்தவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் உப்பிட்ட கஞ்சியும் அதே பயனை ஊசியின் ஆபத்தின்றித் தருகின்றன.

கருவுற்றோருக்கு வரும் கடும் வாந்தியில், சில நாடுகளில் மெட்டோகுளோப்ரமைடு அல்லது ஒண்டான்செட்ரான் பம்புகளும் பிக் லைனும் வீட்டில் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனினும் இவர்களுக்குக் குருதி உறைதலும் தொற்றும் மிகுதியாக நேர்ந்தமையால், வேறு வழிகள் பயனற்றபோது மட்டுமே பிக் லைன் பரிந்துரைக்கப்படுகின்றது. பல நாள் உண்ணாதிருந்த இவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 தரப்பட வேண்டும். இல்லையேல் மூளை பாதிக்கப்படலாம்.

கழிவும் குழாய் அகற்றலும்

பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் இட வேண்டும். ஊசியில் மீண்டும் மூடி பொருத்த முயல்வதால் குத்துக்காயங்கள் நேர்கின்றன. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் சேரும் ஊசி, சிரிஞ்சு ஆகியவற்றைத் தனியே பிரிக்க வேண்டிய தீங்குதரும் கழிவாக வகைப்படுத்தின. குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் பாதுகாப்பு இதில் அடங்கியுள்ளது. டப்பா நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைப்பது சிறந்தது.

சிரைக்குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பு கூடுகின்றது. ஆகவே 'இன்னும் இது தேவைதானா' என்ற கேள்வி ஒவ்வொரு மருத்துவமனை வருகையிலும் கேட்கத் தக்கது. பிக் லைனை மயக்க மருந்தின்றிச் சில நிமிடங்களில் அகற்றிவிடலாம். அகற்றிய குழாயின் முழு நீளத்தையும், பொருத்தியபோது குறித்த அளவுடன் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு துண்டும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்த பின்னரே பராமரிப்பு முடிவடைகின்றது.